சான்டா கிளாரா வட்டாரத்தில் முதல் கேம்பிங்: ஓர் இரவுக்கான திட்டம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் குடியிருக்கிறீர்கள், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா, வீட்டில் யாரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை, கோடை விடுமுறையில் அருகிலுள்ள பூங்கா ஒன்றில் மூன்று இரவு தங்க ஆசை, எந்தப் பூங்காவுக்குப் போவது, என்னென்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இரவை ஓர் இரவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். வாங்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் இப்போது தேவையில்லை. ஏதாவது கோளாறானால் நள்ளிரவில்கூடக் காரைக் கிளப்பி வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற நிம்மதி இருந்தால்தான் முதல் கேம்பிங்கை நீங்களும் அனுபவிப்பீர்கள், அம்மாவும் பொறுத்துக்கொள்வார்.

பூங்கா என்றதும் நம் மனத்தில் வருவது சறுக்குமரமும் புல்தரையும் உள்ள ஊர்ப் பூங்காதான். அமெரிக்காவிலும் நகராட்சிகள் நடத்தும் அத்தகைய பூங்காக்கள் தெருவுக்குத் தெரு உண்டு; ஆனால் அவற்றில் பொதுவாக இரவு தங்க முடியாது. கூடாரம் அடிக்க இடம் தருபவை அதற்கு மேலுள்ள அமைப்புகள். நீங்கள் இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியும் வடமேற்கிலுள்ள சான் மட்டேயோ கவுன்டியும் தத்தம் பூங்காக்களை நடத்துகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் 1934-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா மாவட்டம் இருக்கிறது. இவற்றுக்கு மேல் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காத் துறை. பெயரில் பூங்கா என்றிருந்தாலும் இவை ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள காடுகளும் புல்மலைகளும்தான். ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனிக் கட்டணம், தனித்தனி விதி என்பதால், ஒன்றில் படித்ததை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்புவோர் பலர்.

முன்பதிவில்தான் பெரும்பாலோர் முதலில் சோர்ந்துபோகிறார்கள். மாநிலப் பூங்காக்களின் இடங்கள் ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் ஆறு மாதம் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். கடற்கரையோர இடங்களின் கோடைச் சனிக்கிழமைகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் பயணச்சீட்டு எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பரபரப்பு புதிதல்ல. கவுன்டி பூங்காக்களில் போட்டி இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. நான் அவற்றைப் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம். எல்லாம் நிரம்பிவிட்டதாகத் திரை காட்டினாலும் மனம் தளர வேண்டாம். ஆறு மாதம் முன்பே பதிவு செய்தவர்கள் கடைசி இரண்டு வாரங்களில் ரத்துசெய்வது வழக்கம். அந்த நாள்களில் காலையும் மாலையும் தளத்தைத் திறந்து பார்த்தால் ஓரிடமாவது விழும். பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் உங்களுக்கு வேறொரு வசதியும் இருக்கிறது: ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்து ஞாயிறு இரவு தங்கினால், முந்தைய இரவு நிரம்பி வழிந்த அதே இடம் பாதி காலியாகக் கிடக்கும்.

இனி இடங்களைப் பார்ப்போம். உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது மவுன்ட் மடோனா. கில்ராய் ஊருக்கும் வாட்சன்வில் ஊருக்கும் இடையில், 152-ஆம் நெடுஞ்சாலை ஹெக்கர் கணவாயைக் கடக்கும் மலைமேல் இருக்கிறது. கூடாரம் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்தலாம். நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருப்பதால் தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு. கழிப்பறையும் குழாய்நீரும் நடக்கும் தொலைவில் உள்ளன. மேற்குச் சரிவில் ரெட்வுட் மரங்கள், கீழே இறங்க இறங்க ஓக் மரங்களும் புல்வெளியும். (ரெட்வுட்டைச் செம்மரம் என்று மொழிபெயர்ப்போர் உண்டு. ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து கடத்தப்படும் செம்மரத்துக்கும் உலகிலேயே மிக உயரமாக வளரும் இந்த ஊசியிலை மரத்துக்கும் எந்த உறவும் இல்லை.) 19-ஆம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவின் மாட்டுப் பண்ணைகளைக் கட்டியாண்ட ஹென்றி மில்லர் என்ற ஜெர்மானியக் குடியேறி கோடைக்கு வந்து தங்கிய மாளிகையின் சிதிலங்கள் பூங்காவுக்குள் இருக்கின்றன, கற்சுவர்களும் படிக்கட்டுகளும் மட்டுமே மிச்சம். ஐந்து வயதுக் குழந்தை ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கு போகும் நடைபாதையில் பெரியவர்களும் நிதானமாக நடக்கலாம்.

சாரட்டோகா மலைமேலுள்ள சான்பார்ன் பூங்கா உங்கள் வீட்டுக்கு இன்னும் அருகில், அரை மணி நேரம்தான். ஆனால் அங்குள்ள ரெட்வுட் இடங்கள் நடந்து போய்ச் சேர வேண்டியவை. காரை நிறுத்திவிட்டுச் சாமான்களை மேட்டில் சுமந்து ஏற வேண்டும். இளைஞர்களாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். மார்கன் ஹில் ஊருக்கு மேற்கே உள்ள ஊவாஸ் கேன்யன் சிறியது, அருவிகள் நிறைந்தது; மழைக்காலம் முடிந்து மார்ச், ஏப்ரலில் போனால் ஒரே சுற்றுப் பாதையில் பல அருவிகளைப் பார்க்கலாம், ஜூலையில் நூலாகத்தான் ஒழுகும். கயோட்டி ஏரிப் பூங்காவில் கோடை வெயில் கொதிக்கும். படகு வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கும்.

ஜோசப் கிராண்ட் பூங்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கவுன்டியின் மிகப் பெரிய பூங்கா அது. சான் ஓசேயின் கிழக்கே ஹாமில்டன் மலைச் சாலையில் இருக்கிறது. அதே சாலையின் உச்சியில் 1888-இல் கட்டிமுடிக்கப்பட்ட லிக் வானாய்வகம். அதற்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் லிக்கின் உடல் அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் அடித்தளத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பெரிய பிள்ளைக்கு விண்மீன்களில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரெட்வுட் காட்டில் வானம் தெரியாது என்பதைப் பலர் போய்ப் படுத்த பிறகுதான் உணர்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு கையகல நீலம் கிடைத்தால் பெரிது. ஆகஸ்டு 12, 13 தேதிகளை ஒட்டி உச்சம் தொடும் பெர்சீயிட் எரிகற்பொழிவைப் பார்க்க வேண்டுமானால் கிராண்ட் பூங்காவின் திறந்த புல்வெளிதான் சரி. ஆனால் பகலில் வெயில் வாட்டும், சாலையோ கொண்டையூசி வளைவுகளாகவே போகும். வாகனத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளையாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். நிலா இல்லாத இரவா என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்; அமாவாசை எப்போது என்று நம் வீட்டு அம்மாக்களுக்குக் கேட்காமலே தெரியும்.

மாநிலப் பூங்காக்களில் பிக் பேசின் பற்றி நண்பர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1902-இல் அமைந்த, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அது. 2020 ஆகஸ்டில் மின்னல்களால் மூண்ட தீயில் அதன் பெரும்பகுதியும் கேம்பிங் இடங்களும் எரிந்துபோயின; முதிய ரெட்வுட்கள் பல தப்பித் துளிர்த்துவிட்டாலும், பழைய புகைப்படங்களை நம்பித் திட்டம் போடக் கூடாது. ரெட்வுட்தான் வேண்டுமென்றால் பெஸ்கடேரோ ஓடைக்கரையில் சான் மட்டேயோ கவுன்டி நடத்தும் மெமோரியல் பூங்காவை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் இறந்த அந்தக் கவுன்டி வீரர்களின் நினைவாக அமைந்தது. அங்கும் சாலை வளைவுகள் அதிகம், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது அரிது.

பூங்காவை முடிவு செய்த பிறகு அதற்குள் எந்த எண்ணுள்ள இடம் என்பது அதே அளவு முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு கட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் பகல் பயணமாகப் போய்வாருங்கள். கேம்பிங் பகுதியில் மெதுவாக நடந்து, பிடித்த இடங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். (மாநிலப் பூங்காக்களைப் பார்க்க விரும்பினால் கலிஃபோர்னியாவின் பொது நூலகங்கள் பலவற்றில் பூங்கா நுழைவு அட்டையைப் புத்தகம்போல இரவல் வாங்கலாம், அது பகல்நேர வாகன நுழைவுக்கு மட்டுமே, இரவு தங்குவதற்கு அல்ல.) நீங்கள் பார்க்க வேண்டியவை: தரை சமமாக இருக்கிறதா, மாலை வெயில் எந்தப் பக்கம் விழும், பக்கத்து இடத்துக்கும் இதற்கும் நடுவே மரமோ புதரோ இருக்கிறதா. கழிப்பறைக்கு மிக அருகில் எடுத்தால் இரவு முழுவதும் விளக்கொளியும் கதவுச் சத்தமும் தொல்லை. மிகத் தள்ளி எடுத்தால் அம்மாவுக்குச் சிரமம். இரண்டு மூன்று இடங்கள் தள்ளி எடுப்பது சரியாக இருக்கும்.

அடுத்தது குளிர். இதில்தான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஜூலை மாதம், கலிஃபோர்னியா, பகலில் முப்பது டிகிரி என்று நினைத்துப் பருத்திப் போர்வையோடு போவார்கள். பசிபிக் கடலின் குளிர்ந்த நீரோட்டத்தின் மேல் உருவாகும் மூடுபனியை உள்நாட்டு வெயில் தினமும் மாலையில் மலைகளை நோக்கி இழுக்கிறது. அதனால் கில்ராயில் வேர்த்து வழியும் அதே நாளில் சான்டா குரூஸ் மலைமேல் இரவு பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். ஊட்டியில் ஜூலை இரவு எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அதையே சொல்லி ஆயத்தப்படுத்துங்கள். வித்தியாசம், ஊட்டியில் சுவருக்குள் படுக்கிறோம், இங்கே ஒரு துணிக்குள். மூடுபனி மரக்கிளைகளில் படிந்து சொட்டுவதால், மழையே இல்லாத மாதத்திலும் காலையில் கூடாரம் நனைந்திருக்கலாம். மேல் உறையைக் கட்டாயம் மாட்டுங்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். எங்கள் முதல் இரவில் நான் செய்த தவறு, காற்றடைத்த பெரிய மெத்தையை வாங்கிப் போட்டது. வீட்டில் சுகமாக இருந்த அந்த மெத்தைக்குள் இருந்த காற்று விடியற்காலை மூன்று மணிக்குப் பனிக்கட்டிபோல ஆகிவிட்டது. போர்த்துவதற்கு இருந்ததையெல்லாம் அடியில் விரித்துக்கொண்டு நடுங்கினோம். அத்தகைய மெத்தையில் வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நுரை வைத்த கேம்பிங் தரைமெத்தைகளில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். எண் கூடக் கூடத் தரைக்குளிரை அதிகம் தடுக்கும். காற்று மெத்தைதான் கைவசம் உள்ளது என்றால் அதன் மேல் ஒரு ரஜாயையோ கம்பளியையோ மடித்து விரியுங்கள், போர்த்துவது பிறகு. ஸ்லீப்பிங் பேக்குகளில் (உள்ளே புகுந்து படுக்கும் படுக்கைப் பைகளில்) எழுதியிருக்கும் வெப்பநிலை, அந்தக் குளிரில் தாக்குப்பிடிக்கலாம் என்பதைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது, சுகமாகத் தூங்கலாம் என்பதை அல்ல. ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட் (பத்து டிகிரி செல்சியஸ்) இரவுக்கு முப்பது என்று எழுதியதை எடுங்கள். தலைக்குக் குல்லாய், காலுக்கு உலர்ந்த கம்பளிக் காலுறை. நாம் கேலி செய்யும் அந்த மங்கி குல்லாயை அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால் அன்றைக்கு அதற்குத்தான் மதிப்பு.

அம்மாவைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். குளிர் ஒருபுறமிருக்க, இரவில் எழும்போது தரையிலிருந்து முழங்காலை ஊன்றி எழுவதுதான் அவருக்குக் கடினம். மடக்குக் கட்டில் ஒன்றும், கைப்பிடி வைத்த மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கதவைத் திறப்பதும் சேலையைப் பிடித்துக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியமல்ல. சேலையைக் காட்டில் உடுத்தக் கூடாதா என்று கேட்பார்; தாராளமாக உடுத்தலாம், ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் செயற்கை இழைப் புடவை வேண்டாம்.

இப்போது உங்கள் வாங்கும் பட்டியல். நான்கு பேர் கூடாரம் என்று விற்பதில் நான்கு பேர் மத்திமீன்போல் அடுக்கிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு எட்டுப் பேர் கூடாரம் எடுங்கள், உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் இருந்தால் இன்னும் நல்லது. அதை வாங்க வேண்டாம், முதல் முறை நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். பே ஏரியா எனப்படும் இந்த வளைகுடா வட்டாரத்தில் ஆண்டுக்கு ஒரே முறை பிரிக்கப்படும் கூடாரம் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. கிடைக்காவிட்டால் ஆர்ஈஐ போன்ற கடைகளில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். எங்கிருந்து வந்தாலும் புறப்படும் முந்தைய வாரம் ஒரு முறை விரித்துக் கட்டிப் பாருங்கள். ஒரு கழி குறைவது காட்டில் தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜமக்காளம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளத்தை மேசைக்குப் பக்கத்தில் விரித்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதுவே கூடம்.

உணவுக்கு வருவோம். அங்கே போய்ச் சமைப்பது ஒரு வேளை போதும். முதல் நாள் மாலைக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ வீட்டிலிருந்தே கட்டுங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, ரயில் பயணங்களில் நம்மைக் காப்பாற்றியதுபோல இங்கும் காப்பாற்றும். தோசை மாவைக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெயிலில் நின்ற காரில் மாவு பொங்கிக் குளிர்பெட்டி முழுவதும் வழிந்த கதைகள் எனக்குத் தெரியும், பனிக்கட்டிக்கு அடியில் வைத்தால் மட்டும் கொண்டுபோங்கள். காலைக்கு வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து ஒரு பையில் கட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் உப்புமா. இரண்டு பர்னர் உள்ள புரொப்பேன் அடுப்பு இதற்குப் போதும். அதற்கான சிறிய பச்சை சிலிண்டர், மீண்டும் நிரப்ப முடியாத வகையாக இருந்தால், 2028 முதல் கலிஃபோர்னியாவில் விற்கப்படாது. இப்போதே நிரப்பக்கூடியதை வாங்கிவிடலாம். காலியான சிலிண்டரைப் பூங்காவின் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. குக்கரை விட்டுவிட்டு வாருங்கள். அது வேலை செய்யும்தான். காலை ஆறு மணிக்கு ஐந்து விசில் அடித்தால் மலை முழுவதும் எழுந்து உட்காரும்.

சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் கரடிகள் நிலையாக வாழ்வதில்லை என்பதால் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் ரக்கூன் என்ற சிறு விலங்குகளுக்குக் குளிர்பெட்டியைத் திறக்கத் தெரியும். எங்கள் இட்லி டப்பா ஒன்றை மூடியோடு இழுத்துச் சென்று, இட்லியை மட்டும் தின்றுவிட்டு டப்பாவைப் புதரில் போட்டிருந்தன. இடத்துக்கிடம் இரும்பு உணவுப்பெட்டி வைத்திருந்தால் அதிலும், இல்லாவிட்டால் காருக்குள்ளும் உணவு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் இரவில் பூட்டிவிடுங்கள். கூடாரத்துக்குள் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

தரையில் சிந்தும் பருக்கைக்கும் இங்கே ஒரு கதை இருக்கிறது. மார்பிள்ட் மர்லெட் என்ற சிறிய கடற்பறவை கடலில் மீன் பிடித்து வாழ்ந்தாலும், முட்டையிடுவதற்கு மட்டும் மைல் கணக்கில் உள்ளே பறந்துவந்து முதிய ரெட்வுட்டின் பாசி படர்ந்த அகலமான கிளையில், கூடுகூடக் கட்டாமல், ஒரே ஒரு முட்டை இடுகிறது. அது எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் பறவையியலாளர்களுக்கே புதிராக இருந்தது. 1974-இல் பிக் பேசினில் மரமேறிக் கிளை வெட்டிய தொழிலாளி ஒருவர் தற்செயலாகக் குஞ்சைக் கண்டார். நாம் சிந்தும் சிப்ஸும் சோறும் ஸ்டெல்லர் ஜே எனப்படும் கொண்டை வைத்த நீலப் பறவைகளையும் அண்டங்காக்கைகளையும் முகாம்களுக்கு இழுக்கின்றன. வந்தவை அக்கம்பக்கத்து மரங்களில் மர்லெட்டின் முட்டையையும் தேடித் தின்கின்றன. அதனால்தான் ரெட்வுட் பூங்காக்களில் ஒரு துணுக்குகூடச் சிந்தாதீர்கள் என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய அம்மாவுக்கு இது வினோதமாகப் படும். என் மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒற்றை முட்டையின் கதையைச் சொன்ன பிறகு மேசைக்கடியில் குனிந்து பருக்கை பொறுக்கியவர் அவர்தான்.

நெருப்பு இல்லாமல் கேம்பிங்கா என்பார்கள் பிள்ளைகள். ஒவ்வோர் இடத்திலும் நெருப்புக்கென இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். அதற்கு வெளியே எங்கும் மூட்டக் கூடாது, காட்டில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் கூடாது. விறகைப் பூங்கா வாசலிலோ அருகிலுள்ள ஊரிலோ வாங்குங்கள், வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுபோகாதீர்கள்; ஓக் மரங்களை லட்சக்கணக்கில் கொன்றிருக்கும் நோய்க்கிருமியும் மரம் துளைக்கும் வண்டுகளும் விறகோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் பயணிக்கின்றன. கோடையின் பிற்பகுதியில் தீ அபாயம் கூடும்போது விறகு நெருப்பையும் கரியடுப்பையும் முழுவதுமாகத் தடைசெய்துவிடுவார்கள். எரிவாயு அடுப்பைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள், அதையும் அன்றைய அறிவிப்பில் பார்த்துவிட்டே மூட்ட வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்காவின் தளத்தைப் பாருங்கள். நெருப்பு கிடையாது என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிட்டால் அங்கே அழுகை இருக்காது. மூட்டினால் அணைக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் வாக்கில் சொல்வது அங்கே கண்ணெதிரே கிடக்கும்: மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே காலை வரை கங்கு. வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத வரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

காட்டு ஆபத்துகளில் நீங்கள் பாம்பைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. பாதையில் நடந்து, கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தால் போதும். உங்களுக்கு உண்மையில் தொல்லை தரக்கூடியது பாய்சன் ஓக் என்ற செடி. காம்புக்கு மூன்று இலை, வசந்தத்தில் பளபளக்கும் பச்சை, கோடை முற்றும்போது சிவப்பு, பாதையோரமெங்கும் இருக்கும். மா, முந்திரி, சலவைக்காரர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் புண்ணாகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இதன் எண்ணெயும் அந்த வகைதான். உரசிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். புல்லில் நடந்து வந்தபின் பிள்ளைகளின் கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்புகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி இங்கே உண்டு. மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும் இருக்கிறது, அதை நீங்கள் காண்பது அரிது. இருட்டும் நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாக ஓடவிடாமல் இருந்தால் சரி.

இன்னும் மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொள்ள விரும்புவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை வேண்டாம் என்பது என் கருத்து. மாநிலப் பூங்காக்களில் சாதாரணமாக ஓரிடத்துக்கு எட்டுப் பேர் என்பது வரம்பு. கவுன்டிகளும் ஆள்கணக்கும் வண்டிக் கணக்கும் வைத்திருக்கின்றன. பதினாறு பேர் என்றால் குழுக்களுக்கான தனி இடத்தைத்தான் எடுக்க வேண்டும், அவை சீக்கிரம் போய்விடும். இரவு 10 மணிக்கு மேல் அமைதி நேரம் என்பதை இங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஒரு முறை எங்கள் கூட்டம் பத்தரை மணிக்கு அந்தாக்ஷரியில் இறங்கியபோது பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்து மிகவும் மரியாதையாக, மறுமுறை வந்தால் எல்லாரும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தை இருந்தது.

நாளைத் திட்டமிடுவது எளிது. மாநிலப் பூங்காக்களில் பிற்பகல் 2 மணிக்கு இடம் கிடைக்கும், மறுநாள் நண்பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். கவுன்டிகளின் நேரம் சிறிது மாறலாம், பதிவுச் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டை அச்சிட்டோ படமாகவோ வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிவிடுங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்து, வேறெதுவும் செய்வதற்கு முன் கூடாரத்தை அடித்துப் படுக்கையை விரித்துவிட வேண்டும். இருட்டில் கழிகளைத் தேடும் குடும்பத்தில் சண்டை வராமல் இருக்காது. ஆறரைக்குச் சாப்பாடு, வெளிச்சம் இருக்கும்போதே பாத்திரம், ஒரு மணி நேரம் நெருப்பு அல்லது வானம், ஒன்பதரைக்குப் படுக்கை. பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், அம்மா தூங்கிவிடுவார்.

வீடு திரும்பியதும் களைப்பில் கூடாரத்தைப் பையோடு பரணில் போட்டுவிடாதீர்கள். மூடுபனியில் நனைந்த துணி இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறும். இரவல் வாங்கியதாக இருந்தால் நட்பும் போகும். மாடித் தாழ்வாரத்திலோ குளியலறைக் கம்பியிலோ விரித்து முழுவதும் காயவிட்டு, பிறகு மடியுங்கள். மிஞ்சிய விறகை அடுத்த முறைக்கென்று காரில் வைத்திருக்காதீர்கள்; அதை அங்கேயே பக்கத்து இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.